மூன்றடி அயனித் தடிக்கு எந்தச் செயின் போடுவது?

அருமனைப் பக்கத்துத் தம்பி ஒருவரின் கேள்வி இது. மழையில் வேரோடு சாய்ந்த அயனி மரம் ஒன்று வீட்டுப் பின்புறம் கிடக்கிறது, அடிப்பக்கம் மூன்றடி விட்டம். கையில் இருப்பது 58 சிசி செயின்சா மெஷின், 22 அங்குல பார் (செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடு). வெட்டப் போனால் புகை வருகிறது. கொஞ்ச ஆழம் போனதும் வாள் வலதுபக்கமாக வளைந்து இறுகிக்கொள்கிறது. ஒரு கடையில் ஃபுல் சிசல் செயின் வாங்கச் சொல்கிறார்கள், இன்னொரு கடையில் 3/8 செயினுக்கு மாறச் சொல்கிறார்கள். எதை வாங்குவது, எப்படித் தீட்டுவது, அதிலேயே கதவு நிலைக்கும் பலகைக்கும் அறுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்கிறார்.

தம்பி, செயின் வாங்கும் பேச்சை முதலில் ஓரமாக வையுங்கள். நீங்கள் சொன்ன இரண்டு அடையாளமும் செயினின் ரகத்தைப் பற்றியவை இல்லை. புகை வந்தால் பல் மழுங்கியிருக்கிறது, அல்லது பாருக்கு எண்ணெய் போகவில்லை. வலப்பக்கம் வளைந்தால் வலப்பக்கப் பற்கள் கூராகவும் நீளமாகவும் இருக்கின்றன, இடப்பக்கப் பற்கள் மழுங்கியோ குட்டையாகியோ கிடக்கின்றன. வாள் எப்போதும் நன்றாக வெட்டுகிற பக்கத்துக்கே இழுக்கும். பற்கள் இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருந்தும் வளைந்தால் பாரின் ஒரு விளிம்பு தேய்ந்து இறங்கியிருக்கும். இவற்றைச் சரிசெய்யாமல் எவ்வளவு விலையில் செயின் வாங்கிப் போட்டாலும் முதல் நாள் பறக்கும், அப்புறம் பழைய கதைதான்.

குலசேகரம், திற்பரப்பு, களியல், ஆறுகாணி என்று கன்னியாகுமரி மாவட்டத்து மலையோரமாக இருபத்தெட்டு வருஷம் மரம் அறுத்திருக்கிறேன். என்னிடம் வேலை பழக வருகிற பையன்களுக்கு முதல் மாதம் மெஷினைக் கொடுக்கமாட்டேன், அரத்தைத்தான் கொடுப்பேன். சிலர் கோபித்துக்கொண்டு போய்விடுவார்கள். போகட்டும்.

செயின் எப்படி இருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம், கீழே விழுகிற தூளைப் பார்த்தால் போதும். கூரான செயின் தடியைக் குறுக்கே அறுக்கும்போது அவல் மாதிரி சீவல் சீவலாகக் கொட்டும். மழுங்கிய செயினில் புட்டு மாவு மாதிரி பொடியாக விழும். இன்னொன்று, கூரான செயினை நீங்கள் அழுத்த வேண்டியதே இல்லை, மெஷினின் பாரத்திலேயே இறங்கும். கைப்பிடியை அழுத்தி, ஆட்டி, ராவுகிற மாதிரி அறுக்கிறீர்கள் என்றால் நிறுத்திவிட்டு அரத்தை எடுங்கள். பொடி விழும்போதும் விடாமல் ஓட்டினால் பல் சூடாகி, பார் சூடாகி, மெஷினும் திணறும். ஐந்து நிமிஷத் தீட்டலை மிச்சம் பிடிக்கப் போய் பாரை மாற்றுகிற செலவில் வந்து நிற்கும்.

பல் என்ன வேலை செய்கிறது என்று ஒருமுறை புரிந்துகொண்டால் தீட்டுவது கைவந்துவிடும். நம் ஊரில் பட்டுப்போன தென்னையைப் பிளந்தால் உள்ளே குடைந்துகொண்டிருக்கும் கொழுத்த புழுவைப் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி ஒரு வண்டுப் புழுவைப் பார்த்துத்தான் இன்றைய செயினே பிறந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரம்வெட்டி 1946-இல் விறகு வெட்டும்போது, மரத்தைத் தின்கிற புழு ஒன்று தன் இரண்டு தாடையாலும் இடமும் வலமுமாகக் கடித்து, நாரின் போக்கைப் பற்றிக் கவலையே இல்லாமல் முன்னேறுவதைப் பார்த்தார். அதுவரை இருந்த செயின்களில் நம் பழைய இழுப்பு வாளின் பற்கள் மாதிரி நேராகச் சுரண்டும் பற்களே இருந்தன. அவர் ஓரம் வளைந்த பல்லை இடம், வலம் என்று மாற்றி மாற்றி வைத்தார். அடுத்த வருஷமே அது விற்பனைக்கு வந்துவிட்டது. இப்போது உங்கள் மெஷினில் ஓடுவதும் அந்தப் புழுவின் தாடைதான்.

ஒவ்வொரு பல்லுக்கும் இரண்டு வெட்டும் விளிம்புகள். பக்க விளிம்பு நாரை அறுக்கிறது. மேல் விளிம்பு அறுந்த நாரைத் தச்சரின் உளி மாதிரி சீவி எடுக்கிறது. இரண்டும் சேருகிற மூலைதான் உயிர்நாடி, முதலில் மழுங்குவதும் அதுவே. பல்லுக்கு முன்னால் சின்னதாக ஒரு குமிழ் நிற்கிறதே, அதை ரேக்கர் என்பார்கள். பல் ஒரு கடிக்கு எவ்வளவு மரம் எடுக்கலாம் என்று அளவு வைப்பது அது. இழைப்புளியில் அலகை எவ்வளவு வெளியே நீட்டுகிறோமோ அந்தக் கணக்குத்தான் இங்கே பல்லுக்கும் ரேக்கருக்கும் உள்ள உயர வித்தியாசம்.

இப்போது ரகத்துக்கு வருவோம். ஃபுல் சிசல் என்பது அந்த மூலை சதுரமாக, கூர்மையாக இருக்கிற செயின். சுத்தமான பச்சை மரத்தில் இதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கொஞ்சம் மண் பட்டாலும் அந்த மூலை போய்விடும், போனால் முழுசாகப் போகும். செமி சிசலில் மூலை கொஞ்சம் உருண்டிருக்கும். வேகம் ஒரு படி குறைவு, ஆனால் மண், காய்ந்த பட்டை, வைரம் பாய்ந்த நடுக்கட்டை எல்லாவற்றையும் தாங்கும். மழுங்கினாலும் கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கும், தீட்டும்போது சின்னத் தப்பு நேர்ந்தாலும் மன்னித்துவிடும். உங்கள் மரம் சாய்ந்து கிடக்கிறது, மழை மண் தெறித்திருக்கிறது, நீங்களும் இப்போதுதான் தீட்டப் பழகுகிறீர்கள். என்னைக் கேட்டால் செமி சிசல், வேறு யோசனையே வேண்டாம். ஃபுல் சிசல் போடச் சொன்ன கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் நினைத்தது நிற்கிற மரத்தை வெட்டுகிறவரை.

3/8 செயினுக்கு மாறச் சொன்னதுதான் எனக்குப் புரியவில்லை. செயினை மட்டும் அப்படி மாற்ற முடியாது. செயினுக்கு மூன்று அளவு உண்டு. முதலாவது பிட்ச்: அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுக்கு இடையில் உள்ள தூரத்தில் பாதி. உங்கள் 58 சிசி மெஷினில் பெரும்பாலும் .325 அங்குலம் இருக்கும், கடைக்காரர் சொன்ன 3/8-உம் ஒரு பிட்ச்தான். இரண்டாவது கேஜ்: பாரின் பள்ளத்தில் ஓடுகிற அடிக்கண்ணியின் தடிமன். அங்குலத்தில் .043, .050, .058, .063 என்று வரும், மில்லிமீட்டரில் 1.1, 1.3, 1.5, 1.6. மூன்றாவது, அடிக்கண்ணிகள் மொத்தம் எத்தனை என்ற எண்ணிக்கை. பிட்ச்சை மாற்றினால் என்ஜின் பக்கத்தில் செயினை ஓட்டுகிற பல்சக்கரமான ஸ்பிராக்கெட், பார் நுனியில் உள்ள சக்கரம் எல்லாம் மாற வேண்டும். .325 ஸ்பிராக்கெட்டில் 3/8 செயினை ஏற்றினால் கண்ணி உட்காராமல் குதிக்கும். 3/8-லேயே சின்ன மெஷினுக்கான தாழ்ந்த ரகமும் பெரிய மெஷினுக்கான சாதாரண ரகமும் தனித்தனி. பெயர் ஒன்று என்று நம்பி வாங்கி ஏமாந்தவர்கள் நிறைய.

இந்த மூன்று எண்ணும் பாரின் பின்பக்கத்தில், மெஷினோடு பொருந்துகிற இடத்தில் பொறித்திருக்கும். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் தெரியும். தேய்ந்து போயிருந்தால் பழைய செயினையே கடைக்கு எடுத்துப் போய் அடிக்கண்ணியை எண்ணி வாங்குங்கள். '22 அங்குலச் செயின் ஒன்று' என்று மட்டும் கேட்டால் கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. ஒரே நீள பாருக்குக் கம்பெனிக்குக் கம்பெனி கண்ணி எண்ணிக்கை மாறும்.

மூன்றடித் தடியை 22 அங்குல பாரில் அறுக்க முடியுமா என்றால், முடியும். ஒரு பக்கம் பாதிக்கு மேல் அறுத்து, எதிர்ப்பக்கம் போய் அதே கோட்டில் சந்திக்க வேண்டும். மூன்றடி என்பது 36 அங்குலம், பாரில் வேலைக்கு ஆகிற நீளம் இருபது இருபத்தொன்று வரும், ஆகவே கணக்கு இடிக்காது. ஆனால் பார் முழுக்க மரத்துக்குள் புதைந்து ஓடும்போது 58 சிசி திணறும். இந்தத் தடிக்கு உண்மையில் உரிய மெஷின் 70 சிசிக்கு மேல் உள்ளது, 3/8 பிட்ச், 1.6 கேஜ், 25 அங்குல பார். ஸ்டில் கம்பெனியின் 381 மெஷின் மாதிரி. அதற்கும் மேலே பழைய 070 இருக்கிறது, 106 சிசி, .404 செயின், அறுபது வயதுக்காரருக்கு இடுப்பை ஒடிக்கிற பாரம். ஒரு மரத்துக்காக அதையெல்லாம் வாங்க வேண்டாம். நீங்கள் நிதானமாக, கூரான செயினோடு, நாலு வெட்டுக்கு ஒருமுறை மெஷினை ஆறவிட்டு அறுத்தால் உங்களுடையதே போதும்.

நீளமான பாருக்கு ஸ்கிப் செயின் என்று ஒன்று உண்டு. பல்லுக்கும் பல்லுக்கும் இடைவெளி கூடுதலாக இருக்கும், பல் எண்ணிக்கை குறையும். இழுவை குறைகிறது, சீவல் வெளியேற இடம் கிடைக்கிறது. முப்பது அங்குலத்துக்கு மேல் பார் போடுகிறவர்களுக்கு அது நியாயமான யோசனை. உங்களுக்குத் தேவையில்லை. கார்பைடு பல் வைத்த செயினும் அப்படியே. கூர் நிறைய நாள் நிற்கும், ஆனால் சாதாரண அரம் அதில் ஏறாது, வைரக்கல் பொடி பதித்த சக்கரம் வேண்டும்.

மரத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அயனி நல்ல மரம், வெட்டுவதற்கு முரண்டு பிடிக்காது. ஆனால் பால் உண்டு. பலாவும் அப்படியே. அந்தப் பால் தூளோடு சேர்ந்து பல்லின் உள்வளைவில் பிசினாக ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் அரம் ஓட்டினால் அரம்தான் அடைத்துக்கொள்ளும், பல் கூராகாது. முற்றிய புளியின் நடுவைரத்துக்குப் போனால் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை தீட்ட மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள். தென்னையும் பனையும் தலைகீழ்: வெளிப்பக்கம் இரும்பு, நடு பஞ்சு. ஓரத்து நார் செயினைத் தின்றுவிடும். ரப்பர் மரம் மெத்தென்றுதான் இருக்கும், ஆனால் அதில் வேறொரு வில்லங்கம் ஒளிந்திருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

சரி, தீட்டுவோம்.

மெஷின் ஆடாமல் நிற்க வேண்டும். வீட்டில் என்றால் பாரை வைஸ் என்கிற பட்டறை இடுக்கியில் பிடியுங்கள். தோட்டத்தில் என்றால் ஒரு குற்றியில் பார் செருகுகிற அளவுக்குப் பள்ளம் போட்டு, பாரை அதில் நுழைத்து ஆப்பு அடியுங்கள். மடியில் வைத்துத் தீட்டுகிறவர்களை நானும் பார்த்திருக்கிறேன், அவர்கள் செயின் ஒருநாளும் நேராக வெட்டாது. பிளக் வயரைக் கழற்றிவிட்டு உட்காருங்கள். செயினைக் கொஞ்சம் இறுக்கிக்கொண்டால் தீட்டும்போது பல் சாயாது. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை மண்ணெண்ணெயில் நனைத்துப் பிசினைத் தேய்த்து எடுத்துத் துடைத்துவிடுங்கள்.

அரத்தின் அளவு செயினோடு பொருந்த வேண்டும். .325 செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் உருட்டு அரம். 3/8 பெரிய ரகத்துக்கு 5.2, தாழ்ந்த ரகத்துக்கு 4, .404-க்கு 5.5. செயின் வந்த அட்டைப்பெட்டியில் அளவு போட்டிருக்கும், சந்தேகம் வந்தால் அதையே நம்புங்கள். வீட்டில் கிடக்கிற ஏதோ ஒரு உருட்டு அரம் ஆகாது. மெல்லிய அரம் பல்லுக்குள் கீழே இறங்கி, மேல் விளிம்பைக் கொக்கி மாதிரி ஆக்கிவிடும். அந்தப் பல் ஆவேசமாகக் கடிக்கும், அடுத்த அரை மணியில் மழுங்கிவிடும். தடித்த அரம் பல்லைச் சரிவாக்கிவிடும், அது மரத்தின்மேல் வழுக்கிக்கொண்டே போகும். சரியான அரத்தை வைக்கும்போதும் அதன் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்தளத்துக்கு மேலே தெரிய வேண்டும். இதைக் கண்ணால் பிடிக்கப் பழகும்வரை அரத்தில் மாட்டுகிற கைடு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கோணக் கோடுகளும் அதில் போட்டிருக்கும், அரம் கீழே இறங்காமலும் அதுவே பார்த்துக்கொள்ளும். கைடு வைப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிற மேஸ்திரிகள் உண்டு. எனக்குக் கண்ணாடி வந்த பிறகு நான் கைடு இல்லாமல் உட்காருவதில்லை.

குறுக்கே அறுக்கிற செயினுக்குக் கோணம் 30 டிகிரி. நிறையச் செயின்களில் பல்லின் பின்முனைப் பக்கம் ஒரு சாய்கோடு இருக்கும், அதற்கு இணையாக அரத்தைப் பிடித்தால் சரியாக வரும். புளி மாதிரி கடின மரத்துக்கு 25-க்குக் குறைத்தால் கூர் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்கும். அரத்தை எப்போதும் பல்லின் உள்பக்கத்திலிருந்து வெளியே தள்ளுங்கள். பல்லின் வெளிப்புறத்தில் குரோமியம் பூச்சு இருக்கிறது, வெளியிலிருந்து உள்ளே ராவினால் பூச்சும் பெயரும், அரமும் கெடும். தள்ளும்போது மட்டும் வெட்டு, திரும்பும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். முன்னும் பின்னும் தேய்ப்பது அரிவாளைக் கல்லில் தீட்டுகிற பழக்கம், இங்கே வேண்டாம். நீளமாக, நிதானமாக, ஒரே உயரத்தில் மூன்று தள்ளு. அரத்தை அவ்வப்போது விரலால் கொஞ்சம் சுழற்றிக்கொண்டால் ஒரே இடம் தேயாது.

ஒரு பல்லில் சாக்பீஸால் குறி போட்டுத் தொடங்குங்கள். அந்தப் பக்கத்துப் பற்கள் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, எழுந்து மெஷினின் மறுபக்கம் போய் உட்கார்ந்து மற்றப் பற்களைத் தீட்டுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே கையைத் திருப்பி இரண்டு பக்கமும் தீட்டுவதுதான் உங்கள் வாள் வளைவதற்குக் காரணமாக இருக்கும் என்று என் ஊகம். வலக்கைக்காரருக்கு ஒரு பக்கம் வாகாக வரும், மறுபக்கம் இளைக்கும். எண்ணிக்கை ஒன்றாக இருந்தாலும் அழுத்தம் ஒன்றாக இருக்காது. ஆகவே வாகு இல்லாத பக்கத்தை முதலில், கை தளராமல் இருக்கும்போதே தீட்டிவிடுங்கள்.

முடிந்ததா என்று வெயிலில் பாருங்கள். மழுங்கிய விளிம்பில் வெள்ளிக் கம்பி மாதிரி ஒரு கோடு மினுங்கும். கூரான விளிம்பு மினுங்காது, ஒளி பட இடமே இருக்காது. மூலையிலும் மினுக்கம் போகும்வரை தள்ளுங்கள். கல்லில் இடித்து மூலை உடைந்த பல் இருந்தால் அதற்கு மட்டும் கூடுதலாக ராவ வேண்டும். அந்த ஒரு பல்லுக்காக மற்ற எல்லாப் பல்லையும் குட்டையாக்கச் சொல்வார்கள், நான் செய்யமாட்டேன். ஒன்றிரண்டு பல் சற்றுக் குட்டையாக இருந்தால் வாள் ஒன்றும் வளைந்துவிடாது, அடுத்த நாலைந்து தீட்டலில் மற்றவை அதற்குச் சமமாக வந்துவிடும். ஒரு பக்கம் முழுவதும் குட்டையாகும்போதுதான் வளையும். உங்களுடையது அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது, இடப்பக்கப் பற்களுக்கு வெர்னியர் அளவுகோல் வைத்து நீளம் பாருங்கள். வெர்னியர் இல்லையென்றால் ஒரு ஈர்க்குச்சியைப் பல் நீளத்துக்குக் கிள்ளி அளவு பார்க்கலாம். இடம் குட்டை என்றால் வலப்பக்கத்தை ராவி இடத்தோடு சமப்படுத்த வேண்டும். மனசு வலிக்கும், வேறு வழியில்லை. பல்லின் மேல்தளம் 4 மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள், ஓடுகிறபோது ஒடிந்து தெறித்தால் ஆளைக் கொல்லும்.

ரேக்கரைப் பலரும் மறந்தே போகிறார்கள். பல்லின் மேல்தளம் பின்பக்கமாகச் சரிந்திருக்கிறது. தீட்டத் தீட்டப் பல் குட்டையாவது மட்டுமில்லை, உயரமும் குறைகிறது. ரேக்கர் அப்படியே நிற்கிறது. ஒரு கட்டத்தில் பல் ஊசிமாதிரி கூராக இருக்கும், ஆனால் வெட்டாது. ரேக்கர் மரத்தில் முட்டிக்கொண்டு பல்லைக் கிட்டேயே விடாது. 'அண்ணே, இப்பத்தான் தீட்டினேன், மாவுதான் வருது' என்று வருகிறவர்கள் பாதிப் பேருக்கு இதுதான் வியாதி. ரேக்கர் பல்லைவிட 0.65 மில்லிமீட்டர், அதாவது .025 அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டும். அதற்கென்று ஒரு சின்னத் தகடு விற்கிறார்கள், விலை அதிகமில்லை. அதைச் செயின்மேல் வைத்தால் நீட்டிக்கொண்டிருக்கும் ரேக்கர் தெரியும். தட்டை அரத்தால் இரண்டு தள்ளு, அப்புறம் ரேக்கரின் முன்மூலையைப் பழையபடி உருட்டிவிட வேண்டும். நாலைந்து தீட்டலுக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும்.

இதில் பேராசை கூடாது. ரேக்கரை நன்றாகத் தாழ்த்தினால் வாள் பாயும் என்று ஒருவர் சொல்வார், நம்பாதீர்கள். பல் தாங்கமுடியாத கடி கடிக்கும். மெஷின் அதிர்ந்து அதிர்ந்து நிற்கும், பாரின் நுனி மேல்பக்கம் எதிலாவது பட்டால் மெஷின் நொடியில் முகத்துக்கு எகிறும். செயின் நொடிக்குச் சுமார் 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. 58 சிசி மெஷினில் புளி அறுக்கிறவர் ரேக்கரை 0.65-க்கு மேல் தாழ்த்தவே கூடாது.

அரம் பிடிக்கச் சலிப்பாக இருந்தால் கடையில் மின்சாரச் சக்கரத்தில் கொடுத்துத் தீட்டலாம். நல்ல கை என்றால் வருஷத்துக்கு ஒருமுறை கொடுத்து எல்லாப் பல்லையும் சமப்படுத்திக்கொள்வது நல்லதுதான். ஆனால் சக்கரத்தை ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் பல் நீலம் பாய்ந்துவிடும். ஒருமுறை ஒரு கடையில் கொடுத்து வாங்கிவந்த செயினில் பாதிப் பற்கள் மயில்கழுத்து நிறத்தில் இருந்தன. பார்க்க அழகு. அந்தச் சூட்டில் இரும்பின் பதம் கெட்டுவிடுகிறது. சில பற்கள் மென்மையாகிச் சீக்கிரம் மழுங்கின, சில பற்கள் கண்ணாடி மாதிரி இறுகி அரமே ஏறவில்லை. அன்றிலிருந்து நான் பக்கத்தில் நின்று பார்த்தால்தான் சக்கரத்துக்குக் கொடுப்பேன்.

அரமும் தேயும் என்பதை மறக்காதீர்கள். ஓட்டும்போது கரகரவென்று கடிக்காமல் வழுக்கினால் அரம் செத்துவிட்டது. அதை வைத்து மல்லுக்கட்டாமல் புதுசு எடுங்கள். ஒரு டஜன் வாங்கிவைத்தால் மனசு தாராளமாக மாற்றச் சொல்லும். எண்ணெய்த் துணியில் சுற்றி வையுங்கள். நம் மாவட்டத்துக் காற்றில், அதிலும் குளச்சல், முட்டம் பக்கம் கடலோரத்தில் இருக்கிறவர்களுக்கு, திறந்து போட்ட அரமும் செயினும் ஒரு மழைக்காலத்தில் துரு ஏறிவிடும்.

பாருக்கு வருவோம். செயினைக் கழற்றிய கையோடு பாரின் இரண்டு விளிம்பையும் விரலால் தடவிப் பாருங்கள், மெதுவாக, அறுக்கும். பிசிர் இருந்தால் தட்டை அரத்தால் நீக்குங்கள். பாரைத் தட்டையான கண்ணாடிமேல் விளிம்பில் செங்குத்தாக நிறுத்துங்கள். சாயாமல் நின்றால் இரண்டு விளிம்பும் சமம். ஒரு பக்கம் சாய்ந்தால் அதுதான் வளைவுக்கு இன்னொரு காரணம். பள்ளத்துக்குள் செயினை வைத்துப் பக்கவாட்டில் ஆட்டினால் தளதளவென்று ஆடினாலும் பார் முடிந்தது. ஒவ்வொரு முறை தீட்டும்போதும் பாரைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத் தேயும். இரண்டு செயின் தேய்ந்து முடிகிற காலத்தில் ஸ்பிராக்கெட்டும் தேய்ந்திருக்கும். பள்ளம் விழுந்த பழைய ஸ்பிராக்கெட்டில் புதுச் செயினை ஓட்டினால் செயின்தான் கெடும்.

எண்ணெய் விஷயத்தில் நம் ஊர்ப் பழக்கம் மோசம். ஒர்க்‌ஷாப்பில் வடித்த கறுப்பு ஆயிலை வாங்கி ஊற்றுகிறோம். அதில் இரும்புப் பொடி மிதக்கிறது. பம்பையும் பாரையும் ராவும், தெறித்து நம் தோலிலும் மூச்சிலும் ஏறும். செயினுக்கென்று வரும் ஆயில் கிடைக்காவிட்டால் புது என்ஜின் ஆயில் ஊற்றுங்கள். ஒருவர் தேங்காய் எண்ணெய் ஊற்றிப் பார்த்தார், வழுவழுப்பு நன்றாகத்தான் இருந்தது. மார்கழி விடியலில் டேங்க் வெள்ளையாக உறைந்துபோய்ப் பம்ப் நின்றது. எண்ணெய் போகிறதா என்று பார்க்க, பார் நுனியை ஒரு மட்டைக்கு நேராக, தொடாமல் பிடித்து மெஷினின் வேகத்தை உயர்த்துங்கள். மட்டையில் எண்ணெய்க் கோடு விழ வேண்டும். விழாவிட்டால் பாரில் உள்ள எண்ணெய்த் துளையைக் குச்சியால் குத்தி அடைப்பை எடுங்கள்.

இறுக்கம் பார்க்கும்போது பார் நுனியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். செயின் பாரின் அடிப்பக்கத்தைத் தொட்டு நிற்க வேண்டும், கையால் இழுத்தால் ஓட வேண்டும். புதுச் செயினை முந்தின இரவு ஆயிலில் ஊறப்போடுங்கள், ஓட்டிய முதல் சில நிமிஷத்திலேயே நீளும், மறுபடி இறுக்குங்கள். சூடாக இருக்கும்போது இறுக்கினால் வேலை முடிந்ததும் தளர்த்திவிட வேண்டும். ஆறும்போது செயின் சுருங்கிப் பாரைக் கவ்விக்கொள்ளும்.

ஒக்கி புயல் அடித்தது 2017 நவம்பர் 30. அதற்குப் பிறகு எத்தனையோ நாள் காலையிலிருந்து இருட்டும்வரை சாய்ந்த மரம் அறுத்தோம். செயினுக்கு எமன் எது என்று அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. மரம் ஒன்றும் செய்வதில்லை, மண்தான் எல்லாம் செய்கிறது. சாய்ந்த மரத்தின் பட்டை இடுக்கில் செம்மண்ணும் சரலும் அப்பியிருக்கும். இழுத்துப்போட்ட தடி என்றால் இன்னும் மோசம். வெட்டப்போகிற கோட்டில் ஒரு சாண் அகலத்துக்குக் கோடாலியால் பட்டையைச் செதுக்கி எறிந்துவிட்டு வாளை வையுங்கள். அதில் போகிற ஐந்து நிமிஷம் ஒரு தீட்டலை மிச்சமாக்கும். தரையில் கிடக்கிற தடியை ஒரேயடியாகக் கீழ்வரை அறுக்காதீர்கள். கடைசி இரண்டு அங்குலத்தை விட்டுவிட்டு, நெம்புகோல் போட்டு உருட்டி மேலே கொண்டுவந்து அறுங்கள். பல் ஒரு நொடி தரையைத் தொட்டாலும் முழுச் செயினும் போச்சு.

ரப்பர் மரத்து வில்லங்கம் என்றேனே, அதுவும் அந்தப் புயல் நாட்களில் தெரிந்ததுதான். பால்வெட்டுகிற உயரத்தில் பால் வடிகிற தகடான சில்லு அடித்திருப்பார்கள், சிரட்டை கட்டிய கம்பி இருக்கும். இருபது முப்பது வருஷத்தில் மரம் அதையெல்லாம் விழுங்கிவிடும், வெளியே தழும்பு மட்டும்தான் இருக்கும். வாள் அதில் பட்டால் தீப்பொறி பறக்கும். வேலியோர அயனி, பலாவிலும் முள்கம்பி இப்படிப் புதைந்திருக்கும். உங்கள் மரம் எங்கே நின்றது, அதில் துணிக்கொடி, மாட்டுக் கயிறு, பந்தல் ஆணி ஏதாவது இருந்ததா என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவிட்டுக் கோடு போடுங்கள்.

வேரோடு சாய்ந்த மரம் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். வேர்ப்பக்கத்தைத் தடியிலிருந்து வெட்டிப் பிரித்த அந்த நொடியில் வேர்க்கட்டை மண்ணோடு பழையபடி குழிக்குள் எழுந்து விழலாம், அல்லது முன்னால் உருளலாம். குழியின் பக்கம் யாரும் நிற்கக்கூடாது, குழந்தைகளை வீட்டுக்குள் அனுப்பிவிடுங்கள். தடி இரண்டு முனையிலும் தாங்கி நடுவில் தொங்கினால் மேலிருந்து அறுக்கும்போது வாய் மூடிப் பாரைக் கவ்வும். மேலே மூன்றில் ஒரு பங்கு அறுத்து, ஆப்பு வைத்து, மீதியைக் கீழிருந்து அறுங்கள். ஆப்பு மரமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும், இரும்பு வேண்டாம். அப்புறம், சாரத்தை (லுங்கியை) மடித்துக் கட்டிக்கொண்டு மெஷின் பிடிக்கிற வீரத்தை விட்டுவிடுங்கள். சாரத்தின் ஒரு நுனி செயினில் சுற்றினால் தொடையோடு இழுக்கும். பேன்ட், பூட்ஸ், கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பு.

பலகைக்கு வருகிறேன். நெடுக்கே அறுக்க 30 டிகிரி செயின் தோதுப்படாது, மேடுபள்ளமாகக் கிழிக்கும், மெஷினையும் திணறடிக்கும். அதற்கு ரிப்பிங் செயின் என்று தனியாக உண்டு, கோணம் 10 டிகிரி. பழைய செயின் ஒன்றை நாலைந்து தீட்டலில் கொஞ்சம் கொஞ்சமாக 10 டிகிரிக்குக் கொண்டுவந்தும் செய்யலாம். ஆனால் மூன்றடி அகலப் பலகையை 58 சிசியில் நெடுக்க அறுப்பது மெஷினைச் சாகக் கொடுப்பதற்குச் சமம். இந்த மரம் பலகைக்கே பிறந்தது, வள்ளம் கட்டவும் வீட்டுக்கு நிலை வைக்கவும் நம் ஆட்கள் தேடி வாங்குகிற அயனி. அதைக் கையால் கோணல்மாணலாக அறுத்து வீணாக்காதீர்கள். நிலையின் நீளம் பார்த்து, இரு பக்கமும் அரையடி கூட்டி விட்டு, குறுக்கே மட்டும் துண்டு போடுங்கள். பிறகு மில்லுக்கு ஏற்றுங்கள்.

துண்டு ரொம்பப் பாரமாகி லாரியில் ஏற்ற முடியாவிட்டால் மட்டும் நடுவில் இரண்டாகப் பிளக்கலாம். தடியைப் படுத்தபடியே வைத்து, பாரை நாரின் போக்குக்கு இணையாக மேலிருந்து இறக்குங்கள். சேமியா மாதிரி நீளநீளமாகச் சீவல் வரும், மெஷினின் பக்க மூடிக்குள் போய் அடைக்கும். அவ்வப்போது நிறுத்தி விரலால் வாரி எடுங்கள். துண்டை நிறுத்திவைத்து முனையிலிருந்து கீழே அறுக்கப் பார்க்காதீர்கள், நாரின் தலையில் நேராக அறுப்பதுதான் செயினுக்கு இருப்பதிலேயே கஷ்டமான வேலை.

துண்டு போட்ட அன்றே இரண்டு முனையிலும் பழைய பெயின்ட் எதையாவது கனமாகப் பூசிவிடுங்கள். மில்லில் உங்கள் முறை வர இரண்டு வாரம் ஆனாலும் வெடிக்காது.